வயர்மேன் பதில்கள்: முகாமில் ஒரு விளக்கு

போன மாதம், அவசர விளக்கு எத்தனை வருடம் உழைக்கும் என்று ஒருவர் கேட்டதற்குப் பதில் எழுதும்போது, 2019இல் பங்ளாதேஷில் ரோஹிங்யா அகதிகள் இருக்கும் முகாமுக்கு இரண்டு வாரம் போய்வந்ததை ஒரே ஒரு வரியில் சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றியே கேட்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான். வாட்டர் ஹீட்டர் போட்டால் டிரிப் ஆகிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். அதுவரை சுவிட்சைத் திரும்பத் திரும்ப மேலே தள்ளிவிடாமல், உரிமம் உள்ள எலக்ட்ரிஷியனைக் கூப்பிட்டுவிடுங்கள்.

யீஷூன் வாசகர்: ஐயா, எங்கள் புளோக்கில் நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து, இந்தத் தீபாவளிக்கு 200 சூரியசக்தி விளக்குகள் வாங்கி அகதி முகாமுக்கு அனுப்ப நினைக்கிறோம். இணையத்தில் ஒன்று 9 சிங்கப்பூர் வெள்ளிக்குக் கிடைக்கிறது. எந்த வகை நல்லது?

அண்ணே, வாங்காதீர்கள். நல்ல மனதோடு எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் போன குத்துப்பாலோங் முகாமில் மூங்கிலும் தார்பாயும் வைத்துக் கட்டிய ஒரு வீட்டுக்குள் போனேன். அங்கிருந்த பெரியவருக்கு ஏறக்குறைய என் வயது. நான் மின்சார வேலைக்காரன் என்று தெரிந்ததும் மூலையிலிருந்து ஒரு அரிசிச் சாக்கை இழுத்து வந்து என் முன்னால் கொட்டினார். ஏழு சூரிய விளக்குகள். நிறம் வேறு, வடிவம் வேறு, கொடுத்தவர்களும் வேறு வேறு. ஒன்றுகூட எரியவில்லை. அன்று இரவு அந்த வீட்டில் எரிந்தது ஒரு மெழுகுவர்த்திதான்.

சிங்கப்பூர்க் கட்டுமானத் தளங்களில் வங்காளத் தம்பிகளோடு வருடக்கணக்கில் வேலை பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் வங்காள மொழி வரும். ரோஹிங்யா மொழி சிட்டகாங் பக்கத்துப் பேச்சுக்கு நெருக்கம் என்பதால் பாதி புரிந்தது, மீதிக்குச் சைகை. பக்கத்துத் தேநீர்க் கடையில் பழைய கார் பேட்டரி ஒன்றையும் ஒரு சோலார் தகட்டையும் வைத்து, காசுக்குக் கைப்பேசி சார்ஜ் செய்து கொடுத்துக்கொண்டிருந்தான் ஒரு பையன். பதினேழு வயதுதான் இருக்கும். அவனைக் கூப்பிட்டார்கள். சைக்கிள் சக்கரக் கம்பியைத் தட்டித் தானே செய்த ஒரு திருப்புளியோடு வந்து உட்கார்ந்தான்.

இரண்டு பேரும் சேர்ந்து ஏழையும் பார்த்தோம். மூன்றில் பேட்டரி உப்பிப் போயிருந்தது. இரண்டில் சார்ஜ் செருகும் வாய் துருப்பிடித்திருந்தது, கடற்கரைக் காற்று அப்படி. ஒன்றில் உள்ளே ஒரே ஒரு வயர் விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஈயத்தை உருக்கிப் பற்ற வைத்தால் இரண்டு நிமிட வேலை. ஆனால் சுற்றுவட்டாரத்தில் விசாரித்தும் ஒரு சால்டரிங் அயன் கிடைக்கவில்லை. ஏழாவது விளக்கைத் திறக்கவே முடியவில்லை. திருகே கிடையாது, பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டிவிட்டிருந்தார்கள். பிளேடால் அறுத்தோம், உள்ளே இருந்த சர்க்யூட் பலகையும் சேர்ந்து உடைந்தது. அந்தப் பையன் முகம் வாடிப்போனதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

அதிலிருந்து கடையில் எந்த விளக்கைப் பார்த்தாலும் முதலில் அடிப்பக்கத்தைத் திருப்பித் திருகு இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். திருகு இருந்தால், இதை ஒருநாள் யாராவது திறப்பார்கள் என்று செய்தவர் நினைத்திருக்கிறார் என்று அர்த்தம்.

உங்கள் கையில் 1,800 வெள்ளி சேரும். லித்தியம் பேட்டரி உள்ள பொருளை விமானத்தில் அனுப்பத் தனிக் கட்டுப்பாடு, அங்கே சுங்கம், அப்புறம் லாரி. அதற்குப் போகிற காசை நினைத்தாலே வயிறு எரியும். பொருளாக அனுப்பாமல் பணமாகக் கொடுங்கள், முகாமுக்குள்ளேயே பழுது பார்க்கும் பட்டறை நடத்துகிற அமைப்பாகப் பார்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன் அவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்: விளக்கு கெட்டால் யாரிடம் கொண்டுபோவார்கள்? மாற்று பேட்டரி அந்த ஊர்ச் சந்தையில் கிடைக்குமா? செத்த பேட்டரி எங்கே போகிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லத் தடுமாறாத ஆட்களை நம்பிக் கொடுக்கலாம். முகாமில் குப்பை கொட்டும் பள்ளத்துக்குப் பக்கத்தில்தான் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

உட்லண்ட்சிலிருந்து ஒரு தாதி: ஐயா, நான் வன்னிப் பிள்ளை. 2009இல் இலங்கைப் போரில் இடம்பெயர்ந்து செட்டிக்குளம் மெனிக் பாம் முகாமில் இருந்தபோது எனக்கு ஒன்பது வயது. இருட்டுப்பட்டால் கழிப்பறைக்குப் போகப் பயம் என்று அம்மா பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு தண்ணீர் குடிக்கமாட்டா. எங்களையும் குடிக்க விடமாட்டா. இப்போது வார்டில் சிறுநீர்த் தொற்றோடு வரும் பெண்களைப் பார்க்கும்போதெல்லாம் அதுதான் நினைவு. ஒரு வெளிச்சம் போடுவது அவ்வளவு கஷ்டமா? ஏன் எல்லா முகாமும் இப்படியே இருக்கிறது?

அம்மா, உங்கள் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். பாதியிலேயே அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

கம்பம் நட்டு ஒரு சோலார் தெருவிளக்கு மாட்டுவது கஷ்டமே இல்லை. நாலு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை. ஆனால் பல முகாம்களில் அந்த விளக்கைச் சாலை ஓரத்தில் நடுகிறார்கள். வாகனம் வருகிற வழி, அதிகாரிகள் பார்க்கிற வழி. வீட்டிலிருந்து கழிப்பறைக்குப் போகும் சந்து இருட்டாகவே கிடக்கும். எங்கே நடுவது என்று பெண்களைக் கேட்டிருந்தால் முதல் கம்பம் அந்தச் சந்தில்தான் நின்றிருக்கும். நான் போன முகாமில் ஒரு பகுதியில் அப்படிக் கேட்டு நட்டிருந்தார்கள். இரவு பத்து மணிக்கும் அங்கே பெண்கள் குழாயடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அடுத்த பகுதியில் ஏழு மணிக்கே ஆள் நடமாட்டம் இல்லை.

ஏன் எல்லா இடத்திலும் இப்படி என்றால், முகாம் என்பதே தற்காலிகம் என்ற நினைப்புதான் காரணம். மெனிக் பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டிருந்தார்கள். 2012 செப்டம்பரில்தான் அது மூடப்பட்டது. கென்யாவின் தடாப் முகாம் 1991இல் வந்தது, ககுமா 1992இல். இன்னும் இருக்கின்றன. அங்கே பிறந்தவர்களுக்கு அங்கேயே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். ஆனாலும் கம்பி இழுத்து நிரந்தர இணைப்புக் கொடுத்தால் இவர்கள் இங்கேயே தங்கிவிடுவார்களோ என்று இடம் கொடுத்த அரசுகள் தயங்குகின்றன. மின்சாரம் இல்லை என்பதற்காக யாராவது குண்டு விழும் ஊருக்குத் திரும்பிப் போவார்களா?

பணம் வரும் முறையும் ஒரு காரணம். உதவி நிதி பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் வருகிறது. ஒரு வருடக் காசில் டீசல் வாங்கலாம், ஜெனரேட்டர் ஓட்டலாம். சோலார் போட்டால் முதல் நாளே பெரிய தொகை கேட்கும், பிறகு பல வருடம் மிச்சப்படுத்திக் கொடுக்கும். அடுத்த வருடம் காசு வருமா என்று தெரியாதவரால் அந்தக் கணக்கைப் போட முடியாது. அதனால் அதிகச் செலவாகிற டீசலே ஓடிக்கொண்டிருக்கிறது. என் தொழிலில் நான் பார்த்ததிலேயே மனதுக்குப் பொறுக்காத வீண் செலவு இதுதான்.

முடியாத காரியமும் இல்லை. ஜோர்டானில் அஸ்ராக் முகாம் 2014 ஏப்ரலில் திறந்தது. பாலைவனம், தகர வீடுகள். 2017 மே மாதம் அங்கே 2 மெகாவாட் சோலார் நிலையம் வந்தது. அதே வருடம் நவம்பரில் ஸாத்தாரி முகாமில், ஏறக்குறைய 80,000 சிரியர்கள் இருந்த இடத்தில், ஜெர்மானிய அரசின் நிதியில் 12.9 மெகாவாட் நிலையம் வந்தது. அதற்கு முன்னால் அங்கே இரவில் சில மணி நேரம்தான் மின்சாரம். நிலையம் வந்த பிறகு நாளுக்கு 12 முதல் 14 மணி நேரம் ஆனது. அதைக் கட்டும் வேலையில் அகதிகளையும் சேர்த்துக்கொண்டார்கள் என்பது எனக்கு அந்த மெகாவாட்டைவிடப் பெரிய செய்தி. அந்த நாட்டில் மின்கம்பி முகாமின் வாசல் வரை இருந்தது, அரசும் சம்மதித்தது. அதனால் நடந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முகாமுக்குப் பக்கத்து ஊர்க்காரர்களும் பல இடங்களில் இருட்டில்தான் இருக்கிறார்கள். ககுமாவைச் சுற்றியுள்ள துர்கானா மக்களின் நிலை அதுதான். வந்தவர்களுக்கு வெளிச்சம், எங்களுக்கு இல்லையா என்ற கோபம் நியாயமானது. கம்பி இழுத்தால் இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும்.

உங்கள் அம்மா நலமாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அங்கிள், ஒரு அகதிக் குடும்பத்துக்கு உண்மையில் எத்தனை யூனிட் வேண்டும்? என் புராஜெக்டுக்காகக் கேட்கிறேன்.

சரி, பென்சிலை எடு. 3 வாட் எல்இடி பல்பு மூன்று, இரவு ஐந்து மணி நேரம்: 45 வாட்-மணி. கைப்பேசி இரண்டு: 30. பன்னிரண்டு வோல்ட் சின்ன மின்விசிறி 15 வாட், எட்டு மணி நேரம்: 120. கூட்டினால் 195, ஒரு 200 என்று வைத்துக்கொள். ஆயிரம் வாட்-மணி ஒரு யூனிட், அதாவது இது 0.2 யூனிட்.

என் மூவறை வீட்டுக்குப் போன மாதம் 240 யூனிட் பில் வந்தது. நாளுக்கு 8 யூனிட். நானும் மனைவியும் மட்டும் செலவழிப்பதில் நாற்பது குடும்பங்களுக்கு விளக்கும் விசிறியும் கைப்பேசியும் ஓடும்.

தகடு எவ்வளவு என்று கேட்பாய். நல்ல வெயில் நாளுக்கு நாலு மணி நேரம் என்று கணக்கு வை, மழைக்காலத்துக்குத் தனியாக விடு. 80 வாட் தகடு போதும். பேட்டரியை மட்டும் தேவைக்கு இரண்டு மடங்காகப் போடு. தினமும் அடிவரை காலியாகிற பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். உன் புராஜெக்டில் எல்லாரும் தகட்டைத்தான் வரைவார்கள், நீ பேட்டரியின் ஐந்தாவது வருடத்தையும் சேர்த்து எழுது.

ஜூரோங் வெஸ்ட் இல்லத்தரசி: எல்லாரும் விளக்கைப் பற்றியே பேசுகிறார்கள். அங்கே உலை எப்படி வைக்கிறார்கள்?

அக்கா, இத்தனை கடிதத்தில் இதைக் கேட்டது நீங்கள் ஒருவர்தான். மேலே அந்தத் தம்பிக்குப் போட்ட கணக்கில் சமையல் இல்லை. மாதம் ஒரு 12 கிலோ சிலிண்டர் தீர்க்கும் குடும்பம் அதே சமையலை மின்சாரத்தில் செய்தால், விளக்குக்கும் விசிறிக்கும் ஆவதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் வேண்டும். கூரைமேல் வைத்த சின்னத் தகட்டால் அது நடக்காது. முகாமில் எரிசக்தி என்றால் முதலில் அடுப்புதான், விளக்கு அதற்குப் பிறகுதான்.

உலகத்து முகாம்களில் பெரும்பாலும் மூன்று கல் அடுப்புதான். விறகு வேண்டும். விறகுக்குப் பெண்கள் போக வேண்டும். சூடானின் டார்ஃபூரில் விறகு பொறுக்கப் போன பெண்கள் வழியில் தாக்கப்பட்டார்கள். மானபங்கப்படுத்தப்பட்டார்கள். ஆண் போனால் கொன்றுவிடுவார்கள் என்பதால் பெண்ணே போகட்டும் என்று குடும்பங்கள் முடிவெடுத்தன. ஒரு சோற்றுப்பானைக்கு அந்த விலை. அசோக் காட்கில் என்ற இந்தியாவில் பிறந்த இயற்பியலாளர் 2005இல் அங்கே போய், அந்தப் பெண்கள் கிண்டும் களியையும் அவர்கள் பானையின் வடிவத்தையும் பார்த்துவிட்டு, காற்றுக்கு மறைப்பு வைத்த ஒரு தகர அடுப்பை வடிவமைத்தார். மூன்று கல் அடுப்புக்கு ஆகும் விறகில் பாதிகூட அதற்கு வேண்டாம். பாதி விறகு என்றால் காட்டுக்குப் போகிற நடையும் பாதி.

நான் போன பக்கத்திலும் அதே கதை. 2017 ஆகஸ்டிலிருந்து சில மாதத்துக்குள் ரோஹிங்யா மக்கள் ஏழு லட்சம் பேருக்கு மேல் மியன்மாரிலிருந்து எல்லை தாண்டி வந்தார்கள். அத்தனை பேரும் விறகில் சமைத்ததில் நாளுக்கு ஏறக்குறைய 700 டன் மரம் போனது. குன்றுகள் மொட்டையாயின. யானைகள் போகிற பாதை வேறு அது, மிதிபட்டு மனிதர்கள் செத்தார்கள். 2018இலிருந்து சமையல் எரிவாயு கொடுக்க ஆரம்பித்தார்கள். 2019இல் நான் போனபோது குன்றுகளில் புதுக் கன்றுகள் முழங்கால் உயரத்துக்கு நின்றன. ஒரு பெண்மணி அடுப்பைத் திருகிப் பற்றவைத்துக் காட்டினார். புதுமனை புகுவிழாவில் பால் பொங்க வைக்கிறவர் முகம் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. முன்பு பெரிய பையனைப் பள்ளிக்கு அனுப்பாமல் விறகுக்கு அனுப்பினேன், இப்போது போகிறான் என்றார்.

ஆபத்தில்லையா என்று மனதில் ஓடும். உண்டு. மூங்கில் வீடுகளுக்கு நடுவே கையகல இடைவெளிகூட இல்லை. 2021 மார்ச் 22 அன்று அந்த முகாம்களில் பெரும் தீ. குறைந்தது 15 பேர் இறந்தார்கள், சுமார் 45,000 பேர் வீடிழந்தார்கள். தப்பி ஓட முள்வேலி தடையாக இருந்தது என்று உயிர் பிழைத்தவர்கள் சொன்னார்கள். தீ எதில் பற்றினாலும், வீடுகளுக்கு நடுவே இடமும் ஓட வழியும் இருந்தால் இத்தனை பேருக்கு இந்தக் கதி வராது. அதற்காக விறகுக்கே திரும்பிப் போகச் சொல்ல என்னால் முடியாது. விறகுப் புகை சத்தமில்லாமல் தினமும் கொல்கிறது, அது செய்தியில் வராது.

உங்களைப் போன்றவர்களுக்குத் தெரிந்த கைவைத்தியமும் உதவுகிறது. பருப்பை முந்தின இரவே ஊறவைப்பது. ஒரு கொதி வந்ததும் இறக்கி, பானையைக் கம்பளியில் சுற்றி மூடிவைப்பது. மீதி வேக்காடு தானாக நடக்கும். சில முகாம்களில் இதற்கென்றே பஞ்சு வைத்த பை தைத்துக் கொடுக்கிறார்கள். அம்மா எங்கள் சோங் பாங் வீட்டில் கோணிச்சாக்கில் செய்ததுதான்.

செம்பவாங் வாசகர்: சிங்கப்பூரிலும் அகதி முகாம் இருந்ததாமே? உண்மையா?

உண்மை, உங்கள் வட்டாரத்திலேயே. ஹாக்கின்ஸ் சாலை 25ஆம் எண். பழைய பிரிட்டிஷ் ராணுவக் குடியிருப்பு. 1978இலிருந்து 1996 வரை, படகில் வந்த வியட்நாமியர் 30,000க்கும் மேற்பட்டவர்கள் அங்கே தங்கி வேறு நாடுகளுக்குப் போனார்கள். ஏற்றுக்கொள்ள வேறொரு நாடு உறுதி கொடுத்தவர்களைத்தான் இங்கே இறங்கவிட்டார்கள்.

எனக்கு அப்போது 25 வயது, வயர்மேன் வேலையில் சேர்ந்த புதிது. கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன அதே சாலைகளில் சைக்கிளில் வருவேன். மாலையில் அந்த வீடுகளின் சன்னல்களில் மஞ்சள் வெளிச்சம் தெரியும், கொடியில் துணி காயும். அங்கே விளக்கு எரிந்ததைப் பற்றி அன்று நான் ஒன்றுமே நினைக்கவில்லை. விளக்கு என்றால் எரியும்தானே என்றிருந்தேன். இத்தனைக்கும் அம்மா தினமும் சாம்பல் போட்டு மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியைத் துடைப்பதைப் பார்த்து வளர்ந்தவன்தான் நான்.

துவாஸ் விடுதியிலிருந்து ஒரு தம்பி: அண்ணே, புதுக்கோட்டைக்காரன். ஐடிஐ வயர்மேன் சான்றிதழ் இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் இந்த மாதிரி வேலைக்கு நானும் போக முடியுமா?

தம்பி, வெளிநாட்டு முகாமுக்குப் போக விசா, அனுமதி என்று ஆயிரம் இருக்கிறது. அதற்குக் காத்திருக்க வேண்டாம். உன் மாவட்டத்திலேயே லேணா விளக்கில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்படி நூற்றுக்கும் மேல் உண்டு, 1983க்குப் பிறகு வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 2021இல் தமிழக அரசு பழுதான 7,469 வீடுகளைக் கட்டித்தருவதாகவும், எரிவாயு இணைப்பும் அடுப்பும் தருவதாகவும் அறிவித்தது. வீடு புதிதானால் வயரிங்கும் புதிது. ஆனால் அதைப் பிறகு யார் பார்ப்பது?

முதலில் அங்கே பொறுப்பில் இருக்கும் வருவாய்த்துறை அலுவலரிடம் அனுமதி கேள். கிடைத்தால் வயர் கையிலெடுக்காதே. பத்தாவது முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் நாலு பையன்களையும் பெண்களையும் கூட்டி வைத்து, எர்த் என்றால் என்ன, ஏன் வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பி. தண்ணீர் மோட்டார் இருக்கிற இடம், குளியலறைப் பக்கம், இரண்டையும் முதலில் பார்க்கச் சொல்லிக் கொடு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் போனாலும் மூன்று மாதத்தில் கை பழகிவிடும்.

நீ ஊருக்குக் கிளம்பும் தேதியை இதழின் முகவரிக்கு எழுது. என்னிடம் ஒரு மல்டிமீட்டரும் இரண்டு சால்டரிங் அயனும் சும்மா இருக்கின்றன. உன் பெட்டியில் இடம் விட்டு வை.